இடப்பக்கம் உட்கார்ந்த ஆள்

மூன்றாவது பாட்டின் நடுவில் இராசமாணிக்கம் அந்த ஆளை மறுபடியும் பார்த்தார். அதே கறுப்புக் கோட்டு. உக்குவளைக் கல்யாணப் பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, அவன் மேடைக்கு இடப்பக்கம் தரையில், பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாரி, அந்தக் கறுப்புக் கோட்டு யாரு?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டார்.

போங்கோ மேளம் வாசிக்கும் மாரிமுத்து எட்டிப் பார்த்தான். "மாப்பிள்ளைக்குச் சொந்தமா இருக்கும்ணே."

"இரத்தோட்டைத் திருவிழாவுக்கும் வந்தான். பலாபத்வல ஸ்கூல் விழாவுக்கும் வந்தான். அங்கெல்லாமா மாப்பிள்ளைக்குச் சொந்தம்?"

"பாலாமணி அக்கா பாடுறது புடிச்சிருக்கும்."

"பாலாமணியத் திரும்பிக்கூடப் பாக்கல்லடா. என் வெரலையே பாக்குறான்."

மாரிமுத்து சிரித்தான். "ஒங்க வெரலையா? நாலு வருசமா பக்கத்துல ஒக்காந்திருக்கேன், நானே பாத்ததில்லையே!"

இராசமாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து விரலைப் பார்க்கிறவன் எதற்காகப் பார்க்கிறான் என்பது மாத்தளையில் அவரைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது.

மலைத்தென்றல் இசைக்குழுவில் ஒருவருக்கும் இசையைத் தாளில் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எல்லோரும் கற்றார்கள். பேஸ் முதலில் மக்கீன் நானாவின் கையில் இருந்தது. மரக்கறிக் கடைக்காரர், நல்ல மனிதர். அந்த நாளில் இராசமாணிக்கம் ஏழு மாதம் இதே இடப்பக்கம் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய் ஒரு பலகையில் நான்கு கோடு போட்டு, அதன்மேல் விரல் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்கீன் நானாவுக்குக் காய்ச்சல். "எனக்குத் தெரியும், மாஸ்டர்" என்று குழுத் தலைவரிடம் சொல்லி இராசமாணிக்கம் எழுந்தார். காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. போன இடம் திரும்பிக் கிடைக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் இராசமாணிக்கம் ஒரு மிளகு ஸ்டோரில் சாக்குகளுக்கு மையால் நம்பர் போடுவார். அங்கே அவருக்குப் பெயர் "ஏய் மாணிக்கம்". ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பலா மரத்தில் கடைந்த அந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டினால்தான் "பேஸ்காரர் வந்துட்டாரு" என்று வழி விடுவார்கள். அந்த ஒரு நாளும் போனால் மீதி ஆறு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான்காவது பாட்டுக்கு அவர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இப்போது பார் பார்க்கலாம்.

அக்கோடியன் வாசித்துக்கொண்டே ரவூப் மாஸ்டர் பக்கத்தில் வந்தார். குழுவின் தலைவர் அவர்தான். மற்ற நாளில் தையற்காரர். "என்ன மாணிக்கம், பொண்ணு வீட்டாரோட கோவமா? சந்திக் கடையில பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க."

"வெயில் கண்ணுல படுது மாஸ்டர்."

"பந்தலுக்குள்ள வெயிலா?"

இதற்குள் கறுப்புக் கோட்டு எழுந்து பேஸின் ஸ்பீக்கர் பெட்டியடிக்கே நகர்ந்து வந்துவிட்டான். தேயிலைப் பெட்டிக்குள் ஸ்பீக்கரைப் பூட்டிச் செய்த பெட்டி அது. அதை ஒட்டி உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். இராசமாணிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. விரல் பாடம் முடிந்துவிட்டது. இப்போது தாளம் எண்ணுகிறான்.

தேத்தண்ணி கொடுத்த நேரம் அவர் பின்னால் போய் நின்று, "யாருங்க நீங்க? யாரு அனுப்பி வந்தீங்க?" என்று அதட்டினார்.

அவன் திரும்பவே இல்லை. என்ன திமிர்! இராசமாணிக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். அவரைக் கண்டதும் அவன் பதறி எழுந்து கும்பிட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எங்கேங்க?" என்றான், பந்தலுக்கே கேட்கும்படி.

"நான் கேட்டது வேற."

"கிட்டயா, தூரமாங்க? எங்கேன்னாலும் வந்துருவேன்."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராசமாணிக்கம் ஒரு கணம் யோசித்தார். அடுத்த கல்யாணம் கலேவெலயில்.

"நாலந்தா," என்றார், தன் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம்.

அவன் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனான். பொய் சொன்னதில் அவருக்கு உறுத்தல் இல்லை. திரும்பிப் பார்த்தபோது ரவூப் மாஸ்டர் தன் தேத்தண்ணிக் கோப்பையை அவனுக்குக் கொடுத்து, முதுகில் தட்டிக்கொண்டிருந்ததுதான் உறுத்தியது.

"அந்த ஆளை ஒங்களுக்கு முன்னமே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது. ஆனா ரசிச்சுக் கேக்குறாரு. கலியாண வீட்டுல அப்பிடி ஆளு எங்க கெடைக்குது?"

தெரியாத ஆளுக்கு யாராவது சொந்தக் கோப்பையைக் கொடுப்பார்களா?

மறுநாள் மனைவி சுந்தரம்மாவின் பழைய சேலை முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, இடக்கை விரல்களுக்கு மேல் திரைபோலத் தொங்கும்படி கட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க கோலம்?" என்றாள் சுந்தரம்மா.

"வெரல் தெரியக்கூடாது."

"நான் கட்டிக்கிட்டு வந்த சேலை. கடைசியில ஒங்க வெரலுக்கு முக்காடா?"

"ஒனக்குத் தெரியாது. என் எடத்துக்கு ஆள் வச்சிட்டாங்க."

"வச்சா வைக்கட்டுமே. ஞாயித்துக்கெழமயாவது வீட்டுல இருங்க. கூரை ஒழுகுது."

இவளுக்கும் சொல்லிவைத்திருப்பார்களோ என்று அவருக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

புதன்கிழமை ரவூப் மாஸ்டரின் தையல் கடையில் ஒத்திகை. துணி கட்டிய கையோடு வாசித்ததில் நரம்பு எது, துணி எது என்று தெரியவில்லை. மாஸ்டர் அக்கோடியனை மடியில் இறக்கினார். இப்போது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்.

"கைக்கு சொகமில்லையா மாணிக்கம்? வேணுன்டா இந்த வாரம் ஓய்வு எடுங்களேன்."

"நான் ஓய்வெடுத்தா யாரு வாசிப்பா?"

"அத நாங்க பாத்துக்குவோம்."

நாங்களாம்! பார்த்துக்கொள்வார்களாம்! இராசமாணிக்கம் துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டார். "செத்தாலும் வருவேன் மாஸ்டர்."

"உசிரோடயே வாங்க," என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸின் கூரையில் பெட்டிகளை ஏற்றிக் கலேவெலக்குப் போனார்கள். கல்யாண வீட்டில் இடப்பக்கம் காலி. இரண்டு பாட்டு, இராசமாணிக்கம் வாழ்நாளில் வாசிக்காத மாதிரி வாசித்தார். மணமேடையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அது பரவாயில்லை. இடப்பக்கம் காலி.

மூன்றாவது பாட்டில் வாசலில் கறுப்புக் கோட்டு தெரிந்தது. முழங்கால் வரை செம்மண் தூசி. இன்று கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தான். அவள் கையில் சாப்பாட்டுப் பொட்டலம். அரங்கேற்றத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டானா?

நேரே மேடையடிக்கு வந்தான். "நாலந்தாவுல கல்யாணமே இல்லையாமுங்க!" என்றான் பாட்டுக்கு மேலே கத்தி. "பாட்டுச் செட்டு கலேவெலக்குப் போச்சுன்னு கண்டக்டர் சொன்னாரு. ரெண்டு பஸ் மாறி ஓடியாறேன்!" முகத்தில் துளி கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அந்தப் பெண் பெண்கள் பக்கம் போய் நின்றாள். அவன் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தான்.

இனி ஒரு வழிதான் உண்டு. திருட வந்தவன் தப்பாகத் திருடிக்கொண்டு போகட்டும். இராசமாணிக்கம் வேண்டுமென்றே விரலை இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

உடனே கறுப்புக் கோட்டின் நெற்றி சுருங்கியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அடப்பாவி, தப்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டானா! இராசமாணிக்கம் இன்னும் தப்பாக வாசித்தார். பாலாமணி சுருதியைத் தேடிப் போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றாள். மணப்பெண்ணின் தகப்பன் மேடைக்கு வந்தார்.

"மாஸ்டர், தாலி கட்டுற வீடு இது. ஒப்பாரி வேணான்டு சொல்லுங்க."

ரவூப் மாஸ்டர் இராசமாணிக்கத்தைப் பார்த்த பார்வையில் அக்கோடியன் தானாக மூடிக்கொண்டது. "மாணிக்கம். சரியா வாசிங்க. இல்லன்டா வாசிக்காதீங்க."

வாசிக்காவிட்டால்? அதுவும் நல்ல யோசனைதான். அடுத்த பாட்டு தொடங்கியதும் இராசமாணிக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசிவரை திருகி அடைத்தார். விரல்கள் மட்டும் நரம்பின்மேல் ஓடின. சத்தமில்லாமல் எதைத் திருடுவாய்?

முதல் அடி போனது. இரண்டாவது அடியும் போனது. பாலாமணி சிரித்துக்கொண்டே பாடினாள். மாரிமுத்து தலையாட்டித் தட்டினான். ரவூப் மாஸ்டர் கண்ணை மூடி அக்கோடியனை இழுத்தார். வாழை இலை போட்டார்கள், பிள்ளைகள் ஓடின, கிழவர்கள் தாளம் போட்டார்கள். பேஸ் இல்லையென்று அந்தக் கல்யாண வீட்டில் ஒரு ஜீவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வருடம்! இந்த இடத்தைக் காப்பாற்றவா இத்தனை பாடு?

"ஏங்க நிப்பாட்டிட்டீங்க?"

கறுப்புக் கோட்டு எழுந்து நின்று அழாத குறையாகக் கத்தினான். அக்கோடியன் நின்றது. பாலாமணி நின்றாள்.

"எத நிப்பாட்டினாரு?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டார் ரவூப் மாஸ்டர்.

"இவரு வாசிக்கிறத!"

மாஸ்டர் குனிந்து குமிழைப் பார்த்தார். "யா அல்லாஹ்! எந்நேரமா அடைச்சு வச்சிருக்கிறீங்க?"

"பாட்டு தொடங்கினதுல இருந்து," என்றார் இராசமாணிக்கம். "ஒங்களுக்குத் தெரியல்லையே மாஸ்டர். ஒருத்தருக்கும் தெரியல்லையே."

மாஸ்டருக்குக் கோபம் இரண்டு மடங்கானது. "கலியாண வீட்டுல வெளையாட்டா? போதும். நாளைக்கே மக்கீன் நானா வீட்டுக்குப் போறேன்."

"மக்கீன் நானா எதுக்கு? ஆளத்தான் இடப்பக்கம் ஒக்கார வச்சிருக்கீங்களே!" இராசமாணிக்கம் மேடையிலிருந்து குதித்தார். தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றிக் கறுப்புக் கோட்டின் நெஞ்சில் திணித்தார். "இந்தா! ஊர் ஊரா வந்து பாத்தியே! வாசி! எல்லாரும் கேக்கட்டும், வாசி!"

அவன் திகைத்துப் போனான். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தினான். தடித்த நரம்பை ஒரு விரலால் மெல்லத் தொட்டான். மாரிமுத்து குறும்புக்குக் குமிழைத் திறந்துவிட்டான். பெட்டி "தும்ம்ம்" என்று உறுமியது. அவன் உடனே கிட்டாரை இராசமாணிக்கத்தின் கையில் வைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தான். முகமெல்லாம் பல்.

"வாசிங்க!" என்றான். "நீங்க வாசிங்க!"

"இவனுக்கு வாசிக்கவே தெரியாதா?" என்றார் இராசமாணிக்கம், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல்.

பெண்கள் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். அவன் மனைவி தங்கம்மா. சாப்பாட்டுப் பொட்டலத்தை இடுக்கியபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கையா, ரோட்டு வேலையில கல்லுக்கு வச்ச வெடியில இவருக்கு ரெண்டு காதும் போயி பத்து வருசமாச்சு, மத்தவங்க பாடுறதும் வாசிக்கிறதும் ஒண்ணும் எட்டாது, இந்தப் பொட்டியில கை வச்சா நீங்க ஒருத்தர் வாசிக்கிறது மட்டுந்தான் இவருக்குக் கேக்குது."