டீமேக்கர் ‘நல்லாருக்கு’ என்றார்

பதுளையில் குடியிருப்பவர்கள் பயப்பட வேண்டியவை மூன்று. மழை பெய்தால் மண்சரிவு, வெயில் அடித்தால் குளவி, எல்லாக் காலத்திலும் டீமேக்கர். முதல் இரண்டுக்கும் ஓடித் தப்பலாம். டீமேக்கரைக் கண்டு ஓடினால், அவர் நின்ற இடத்தில் நின்றபடியே உங்கள் ஓட்டத்தில் என்ன குறை என்று சொல்லிவிடுவார்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து உள்ளே போய்த் தூளாக வெளியே வரும்வரை எல்லாப் பொறுப்பும் டீமேக்கருடையது. காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பி, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்புச் சொல்லுகிற வேலை. ஓய்வு பெற்றதும் மனிதர் டவுனுக்கு வந்து எங்கள் வீட்டோடு ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தார். துப்புகிற பழக்கம் போகவில்லை. தேயிலைக்குப் பதிலாகச் சுருட்டைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் செய்யாதவர். செய்யாதவர் என்பதைவிட, செய்ய விடப்படாதவர் என்பதே சரி. மடுல்சீமையில் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் கொண்டுவந்த தேநீரைச் சர்ரென்று உறிஞ்சி, கண்ணை மூடி, வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்து, “தூள் நல்ல தூளுங்க. தண்ணி கொதிக்கல” என்று சொன்னாராம். அதன் பிறகு பெண் வீட்டார் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பஜாரில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரின் சுருட்டுக் கடை இருக்கிறது. அதன் முன்னால் உட்காரக் கிடக்கும் மர வாங்குதான் டீமேக்கரின் நீதிமன்றம். யாழ்ப்பாணத்திலிருந்து புதிய சுருட்டுக் கட்டுகள் வந்திறங்கிய காலையில் அவர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைத் துவாய் ஒன்றோடு வந்துவிடுவார். துவாயை விரித்து, கட்டுக்கு ஒன்றாகச் சுருட்டுகளை வரிசையாகப் படுக்க வைப்பார். முதலில் மேல் இலையின் நரம்பைப் பார்ப்பார். பிறகு காதருகே வைத்து இரண்டு விரலால் மெல்ல அமுக்குவார். நொறுநொறுவென்றால் காய்ந்துவிட்டது, சத்தமே இல்லையென்றால் ஈரம். பிறகு கொளுத்தாத முனையை மூக்கில் வைத்து, இனிப்புப் பாணி ஊற்றிப் பதப்படுத்தியது சரியா என்று பார்ப்பார். கடைசியாகத்தான் நெருப்பு. ஒரே ஒரு இழுப்பு, அதுவும் தேநீரை உறிஞ்சுகிற அதே சர்ர். கண்ணை மூடிக்கொண்டு புகையை வாய்க்குள் சுழற்றுவார். பிறகு துப்புவார். புகையை எப்படித் துப்புவது என்று கேட்பீர்கள். தகரப் பேணியை வாயருகே பிடித்துக்கொண்டு அவர் துப்பினார், நாங்கள் பார்த்தோம்.

அந்த இடைவெளியில் பஜாரே மூச்சை அடக்கிக்கொள்ளும். கடைக்கார ஐயா உள்ளே தராசுக்குப் பின்னால் நின்று, “நல்லூர் முருகா, இண்டைக்கு மட்டும் காப்பாத்து” என்று முணுமுணுப்பார். தீர்ப்பு வரும்.

“பச்ச வாட அடிக்குது.”

“இது கருகுனது.”

“இத சுத்துனவன் பொஞ்சாதியோட சண்ட போட்டுட்டு வந்து சுத்திருக்கான். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளன்னு கெடக்கு.”

அவ்வளவுதான். அந்தக் கட்டை அந்த வாரம் பஜாரில் ஒருவரும் தொட மாட்டார்கள். அவர் அகராதியில் உச்சமான பாராட்டு ‘கெடக்கட்டும்’ என்பது. அதைக் கேட்ட நாளில் கடைக்கார ஐயா எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

ஒருமுறை என் மாமனார் ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்திருந்தார். அறுபது பேரை மேய்த்த கங்காணியின் மகன், மீசைக்குத் தனி மரியாதை உள்ளவர். முற்றத்தில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு சுருட்டைப் பற்ற வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“மாமா, அதக் குடிக்கிறதுக்குப் பதிலா உங்க மருமகன் குசினிக் கூரைய ஒரு மூலையில கொளுத்திக் குடிங்க. மணமாச்சும் இருக்கும்.”

அன்றிலிருந்து மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் பற்ற வைப்பார். பெரும்பாலும் கழிவறைக்குள்.

மனிதர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீமேக்கர் சாமி வரைக்கும் போனார். ஸ்பிரிங்வெளி போகிற வழியில் ஒரு வளைவில் முனியாண்டி இருக்கிறார். கையில் அரிவாள், கண்ணில் சிவப்பு. வருடா வருடம் படையலில் சாராயமும் சுருட்டும் வைப்பார்கள். அந்தப் படையலுக்குப் போன டீமேக்கர், சாமிக்குக் கொளுத்தி வைத்திருந்த சுருட்டின் புகையை நின்றபடி மோந்துவிட்டுப் பூசாரியிடம் சொன்னார்: “இப்பிடிக் குடுத்தா முனிக்கே இருமல் வந்துரும்.”

மறுவாரமே அந்த வளைவில் பஸ் ஒன்றின் முன்சில்லு தெருவோர வடிகாணுக்குள் இறங்கியது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் தோட்டக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் பேச்சு ஒன்றுதான்: முனி இருமிவிட்டார். அடுத்த முறை இருமினால் பஸ் காணோடு நிற்காது, பள்ளத்துக்குப் போகும். பூசாரி நேரே டவுனுக்கு வந்து டீமேக்கரின் வாசலில் நின்றார். இனிமேல் சாமிக்கு வைக்கிற சுருட்டை அவர்தான் பார்த்துத் தர வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். சாமிக்கு வைப்பதில் எச்சில் படக் கூடாது.

“ஒரு கட்டுல ஒண்ணுதாங்க குடிச்சுப் பாப்பேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்றார் டீமேக்கர்.

“ஏங்க, சாமிக்கு வைக்கிற பொங்கல்ல ஒரு சோறு எடுத்து வாயில போட்டுப் பாப்பீங்களா?” என்றார் பூசாரி. “அந்தக் கட்டே எச்சக் கட்டு.”

இருவரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து வழக்காடினார்கள். என் மனைவி தேநீர் கொடுத்தே களைத்தாள். கடைசியில் கடைக்கார ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே இலை, ஒரே கை, ஒரே நாள் சுற்றிய சுருட்டில் இரண்டு கட்டு. ஒன்று சாமிக் கட்டு, அதை யாரும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. மற்றது பார்வைக் கட்டு. அதை டீமேக்கர் குடித்துப் பார்த்து ‘கெடக்கட்டும்’ என்றால், சாமிக் கட்டு முனிக்குப் போகும். அதன் பிறகு அந்த வளைவில் ஒரு சைக்கிள்கூட விழவில்லை. டீமேக்கர் மீதிருந்த பயத்தோடு இப்போது பக்தியும் சேர்ந்துகொண்டது.

இந்த வருடப் படையலுக்கு முன்னால் பூசாரி வந்தார். வாங்கைச் சுற்றிக் கூட்டம். துவாய் விரிந்தது. அமுக்கினார், மோந்தார், கொளுத்தினார், சர்ரென்று இழுத்தார், துப்பினார். நாங்கள் காத்திருந்தோம்.

“நல்லாருக்கு” என்றார் டீமேக்கர். “ஃபஸ்ட் கிளாஸ்.”

கடைக்கார ஐயா வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பூசாரி சாமிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

அதிலிருந்து ஒரு நல்ல காலம் பிறந்தது. அவர் எல்லாவற்றையும் நல்லாருக்கு என்றார். என் மாமனாரின் சுருட்டை நல்லாருக்கு என்றார். மாமனார் கழிவறையை விட்டு முற்றத்துக்கு வந்தார். என் மனைவி கருக்கிய கருவாட்டை நல்லாருக்கு என்றார். முனி அவர் மனசை மாற்றிவிட்டார் என்று பூசாரி சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கருவாட்டு நாளிலிருந்து ஏதோ சரியில்லை என்று பட்டது, ஏனென்றால் நானும் அதைச் சாப்பிட்டிருந்தேன்.

ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கடைக்கார ஐயா கடையின் பின்பக்கம் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“மாஸ்டர், ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. மழைக்குக் கூரை ஒழுகி ஒரு கட்டு உள்ளுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. எறியவெண்டு எடுத்து வைச்சனான். அண்டைக்குப் பார்வைக் கட்டெண்டு கை மாறி அதைத்தான் அவரிட்டைக் குடுத்திட்டன்.”

“அப்ப சாமிக்கு?”

“சாமிக்குப் போனது நல்ல கட்டு. அதில பிழையில்லை. மனுசனை யோசிச்சுப் பாருங்கோ. பூஞ்சணத்தை இழுத்துப்போட்டு நல்லாயிருக்கெண்டு சொல்லுது. முந்தி அவர் திட்டேக்கதான் நான் முருகனைக் கூப்பிடுவன். இப்ப அவர் சிரிச்சால்தான் பயமாக் கிடக்கு.”

எனக்கும்தான். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளே போகவில்லை. அவர் கதவைத் தட்டினேன். கேட்டேன். டீமேக்கர் யன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டினார். ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, ஓர் அவரை விதை அளவு.

“ஒண்ணுமே தெரியல மாஸ்டர். உப்பு, ஒறப்பு, கசப்பு, எதுவுமில்ல. வாயில பஞ்சு வச்ச மாதிரி இருக்கு.”

“அப்ப ஏன் எல்லாத்தையும் நல்லாருக்குன்னு சொன்னீங்க?”

“திட்டணும்னா தெரிஞ்சு திட்டணும். பாராட்டுறதுக்கு ஒண்ணும் தெரிய வேண்டியதில்லையே.”

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். பதுளையையே நடுங்க வைத்த அந்த மனிதர் கட்டிலின் மூலைக்கு நகர்ந்துகொண்டார்.

“வெட்டிருவாங்க மாஸ்டர். உசுரு போனா போகட்டும், ஒரு நாளைக்குப் போறதுதான். நாக்க வெட்டிட்டா அப்புறம் நான் யாருங்க?”

எனக்கும் அவரளவுக்கே பயமாக இருந்தது.

செய்தி கசிந்துவிட்டது. பூசாரி கறுப்புக் கயிறோடு வந்தார். பூஞ்சணச் சுருட்டை நல்லாருக்கு என்று சொன்னதற்கு முனிதான் நாக்கைக் கட்டிவிட்டார் என்றார். நாக்கு கட்டியதால்தான் நல்லாருக்கு என்று சொன்னார், முதலில் எது என்று யோசியுங்கள் என்று நான் விளக்கினேன். பூசாரி யோசித்துவிட்டு, எதற்கும் கயிறையும் கட்டி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். ஓட்டோவில் நடுவில் டீமேக்கர், இருபுறமும் நாங்கள். ஏற்றத்தில் ஓட்டோ மெதுவாகப் போனபோது அவர் குதிக்கப் பார்த்தார். பூசாரியின் பிடி முனியின் பிடி, விடவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயது. “ஐயா, நாக்கை நீட்டுங்கோ. இன்னும் கொஞ்சம்” என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். “ம்ம்” என்றார். டீமேக்கரின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை பஜாரில் யாரும் சத்தமாகப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. கடைக்கார ஐயா நல்லூருக்கு நேர்ந்தார், என் மனைவி கதிர்காமத்துக்கு. மாமனார் தினமும் ஃபோன் எடுத்து, “அந்த வாயாடிக்கு எப்பிடி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன்னே மூக்கை உறிஞ்சுவார்.

நாங்கள் பயந்த புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் அதுவாகவே மாறியிருக்கும் என்றார் டாக்டர். திட்டை மட்டும் எடுத்தார்கள். இனிச் சுருட்டு, வெற்றிலை எதுவும் வாய்க்குக் கிட்டே போகக் கூடாது. டீமேக்கருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

“ருசி வருமாங்க டாக்டர்?”

“வரலாம் ஐயா. கட்டாயம் வருமெண்டு சொல்லேலாது.”

அதன் பிறகு அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். புண் ஆறும்வரை கஞ்சி, ஆறிய பிறகும் கஞ்சி. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லாருக்கு தங்கச்சி” என்பார். என் மனைவி குசினிக்குத் திரும்பிப் போகும்போது முகத்தைப் பார்க்க முடியாது. அந்த ‘நல்லாருக்கு’ கேட்கும்போதெல்லாம் இனி இவ்வளவுதானோ என்று இரண்டு பேரும் நினைப்போம்.

போன வாரம் ஒரு காலை, அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். வாய்க்குள் ஏதோ சுழன்றது. பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“என்னா தங்கச்சி இது. உப்ப அள்ளிக் கொட்டிருக்கீங்க. மாட்டுக்கு வச்சாலும் ஒதச்சுப்புட்டுப் போயிருமே.”

என் மனைவி சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “எத்தன நாளாண்ணே, உங்க நாக்குக்குத் தெரியுதான்னு தெனம் ஒரு கிள்ளு கூட்டிக் கூட்டிப் போட்டுக்கிட்டு வாறேன்” என்றாள்.

நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். கடல் தண்ணீர். மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து, அந்தக் கஞ்சியைச் சட்டி வழித்துக் குடித்தோம்.