பதினெட்டாம் தேதிக்கு நியாயம்

இந்த வருஷம் மச்சானை வீட்டுக்குள் விடக்கூடாது. இதுதான் என் தீர்மானம். முப்பத்தொரு வருஷமாக அரசு விடுமுறைப் பட்டியல் தயாரிக்கிற குமாஸ்தா நான். அந்த அதிகாரத்தை ஒரு தடவையாவது வீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாமா?

எங்கள் மாகாணம் தனியாகப் பிரிந்தது ஒரு பதினெட்டாம் தேதி. அன்றுதான் விடுமுறை. பிறகு வந்த ஆளுநர் ஒருவருக்கு மீன்பிடிக்கிற பைத்தியம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் வேண்டுமென்று, அதை அந்த வாரத் திங்களுக்குத் தள்ளிவிட்டார். அவருக்கு எத்தனை மீன் மாட்டியதோ, எனக்கு மச்சான் மாட்டினார். வருஷா வருஷம் சனிக்கிழமை மூட்டையோடு வருவார். மூன்று நாளும் என் நாற்காலியில் அவர். அடுப்படியில் என் மனைவி. அவளோடு நான் பேசுவது "துண்டு எங்கே?" என்பதோடு சரி.

மூன்று மாதம் பழைய அரசிதழ்களைப் புரட்டினேன். தூசியில் தும்மினேன். 'வரலாற்றுக்கு நியாயம் வேண்டும்' என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். இனிப் பதினெட்டாம் தேதியேதான். இந்த வருஷம் அது புதன். ஒற்றை நாளுக்காக எவன் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வருவான்?

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லீவை மாத்திட்டாங்க. புதன்கிழமையாம். பாவம், உங்கண்ணன்."

"யாரு மாத்துனா?"

"வரலாறு."

"அந்த வரலாறுக்கு ஏன் மூணு மாசமா தும்மல்?"

மாட்டிக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அண்ணனை இந்தத் தடவை வரவேண்டாம்னு போன மாசமே போன்ல சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"மூணு நாள் நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கலாம்னுதான்." மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள்.

மூன்று நாளைக் கொடுத்து ஒரு நாளை வாங்கியிருக்கிறேன்.

"சரி விடு. புதனாவது இருக்கே."

போன் அடித்தது. மச்சான்.

"மாப்ளே! ரேடியோவுல சொன்னான். புதன்கிழமை லீவாமே! நம்ம கடைக்கு இப்பல்லாம் செவ்வாய்தான் வார லீவு. ரெண்டும் சேர்ந்து வருது. தங்கச்சி திங்கக்கிழமை லீவுக்குத்தானே வேண்டாம்னுச்சு? குடும்பத்தோட வர்றோம்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

"என்னத்தை?"

"திங்கக்கிழமைக்கு லீவு லெட்டர். என் மூணு நாள் எனக்கு வேணும்."

மாகாணத்துக்கே லீவு போட்டுக் கொடுத்தவன், அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். காரணம் என்ன என்று கேட்டேன்.

"தும்மல்" என்றாள். அப்படியே எழுதினேன்.