துப்பாக்கி ஆட்டத்துப் பந்தய நிபுணர்

வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நாளைக்குப் பனி எத்தனை அங்குலம் விழும் என்று சொல்லும் நிபுணரை உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் காரின் இருமலைக் கேட்டே, "இது பேட்டரி இல்ல, நீ ஏமாந்துட்ட" என்று தீர்ப்புச் சொல்லும் நிபுணரையும் தெரியும். இவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பொறுத்துக்கொண்டு நாம் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறோம். நான் சொல்லப்போகிறவர் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர். கணினியில் ஐந்து பேரும் ஐந்து பேரும் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தில் எவன் எவனைச் சுடுவான், எந்த அணி ஜெயிக்கும் என்று முன்கூட்டியே அறிந்து பணம் கட்டுகிறவர். அறிந்து கட்டியும் தோற்கிறவர். தோற்றபின் இன்னும் அதிகமாக அறிந்துகொள்கிறவர்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு அணி குண்டு வைக்க வரும், மற்றது தடுக்கும். குண்டு வைத்துவிட்டால் வெடிப்பதற்குள் அதை அணைக்க வேண்டும். செத்தவர் அந்தச் சுற்று முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதைக் குழந்தைகளிடம் சொன்னால் புரிந்துகொண்டு விளையாடப் போய்விடுவார்கள். ஒரெஸ்ட் போய்ச்சுக் என்பவர் புரிந்துகொண்டு பந்தயம் கட்டப் போனார்.

ஒரெஸ்ட் எங்கள் வின்னிபெக் நகரத்தில் பேருந்துப் பணிமனைத் தலைமை மெக்கானிக். மைனஸ் முப்பதில் படுத்துவிட்ட பேருந்தை எழுப்பி ஓட வைப்பதில் அவருக்கு இணையில்லை. அந்தப் பெருமையோடு நின்றிருக்கலாம். ஆனால் பேருந்து எப்போது நிற்கும் என்று கண்டுபிடிக்கிறவருக்கு, கஜகஸ்தானில் இந்த ஆட்டம் ஆடும் பத்தொன்பது வயதுப் பையன் எப்போது குறி தவறுவான் என்று கண்டுபிடிப்பது கஷ்டமா? அவர் அப்படித்தான் யோசித்தார்.

அந்தப் பையனைப் பற்றி ஒரெஸ்டுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவன் எப்போது தூங்குகிறான், எந்தச் சுட்டெலிக்கு மாறினான், காதலியோடு எடுத்த படங்களை ஏன் நீக்கினான், அதனால் வரப்போகும் செவ்வாய்க்கிழமை அவன் மனம் எப்படி இருக்கும், எல்லாம் கைவசம். காதலி திரும்பி வந்துவிட்டாளா என்று வேலை நடுவே கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். தன் மனைவி வேலரிக்குப் பல் பிடுங்கிய அன்று மாலை, "ஏன் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்கு?" என்று கேட்டவரும் இவர்தான்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். அதன் வாயிலிருந்து "தோத்துட்டேன்" என்ற சொல் வராது. திருடிவிட்டார்கள், கெடுத்துவிட்டார்கள், சர்வர் சதி செய்தது, நடுவர் இடைவேளை விட்டு வேகத்தை உடைத்தார், புது விசைப்பலகை கைக்குப் பழகவில்லை, விமானப் பயணத்தில் வயிறு சரியில்லை. உலகமே சேர்ந்து உழைத்தால்தான் இவர் கட்டியது தோற்கும். பணிமனையில் சாப்பாட்டு நேரத்தில் கோழித் துண்டைத் தேன் கலந்த வெள்ளைச் சாஸில் தோய்த்துக்கொண்டே ரோடெல் என்கிற பிலிப்பினோ இளைஞன் தினமும் விசாரிப்பான்.

"அண்ணே, நேத்து என்னாச்சு?"

"நேத்து நான் ஜெயிச்சிருக்கணும்டா."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சிருக்கணும்னு சொல்றேன்ல."

ரோடெல் அதற்கு மேல் கேட்கமாட்டான். சம்பளம் வாங்கும் இடத்தில் மேற்பார்வையாளரை எவ்வளவு சோதிக்கலாம் என்று அவனுக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஒரெஸ்டின் மகள் டேரியாவும் இதே ஆட்டத்தை ஆடுகிறவள். சும்மா ஆடுகிறவள் இல்லை. கல்லூரி அணியின் தலைவி. இரண்டு வருடமாக அடித்தள அறையில் அவள் "இடது பக்கம் ரெண்டு பேர், இடது பக்கம் ரெண்டு பேர்" என்று கத்திக்கொண்டிருந்தபோதெல்லாம், மாடியில் இவர் பிரேசிலில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "கீழ கொஞ்சம் மெதுவா" என்று தரையைக் காலால் தட்டியிருக்கிறார். மகளின் ஆட்டம் ஒன்றையும் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? கல்லூரி ஆட்டத்துக்கு எந்த இணையப் பந்தயத் தளமும் விலை போடவில்லை, அதாவது ஒன்று கட்டி ஜெயித்தால் எத்தனை தருவோம் என்று அறிவிக்கவில்லை. விலை போடாத ஆட்டத்தைப் பார்த்து ஒரு மனிதன் என்ன செய்வது?

அப்படியிருக்க, டேரியாவின் அணி மாகாண இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. தூரத்துக் கால்கரி நகரத்தில் சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் அணி ஒன்று அவளைக் கூப்பிட்டும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தோடு வதக்கிய பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை அப்பா பக்கம் நகர்த்திவிட்டு அவள் சொன்னாள்.

"சனிக்கிழமை மத்தியானம் ஃபைனல்ப்பா. அடுத்த வாரம் நான் கால்கரி போயிடுவேன். இந்த ஒரு ஆட்டத்தயாவது வந்து பாரேன்."

"வராம?"

"சும்மா பாக்கணும். போனத் தொடக் கூடாது."

ஒரெஸ்ட் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தார். உண்மையாகவே செய்தார், அதில் பொய் கிடையாது. மகள் ஊரைவிட்டுப் போகிறாள் என்பது அன்றைக்குத்தான் அவர் மண்டையில் ஏறியது. இரவு பாத்திரம் கழுவும்போது மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார் என்று வேலரி சொல்கிறாள்.

புதன்கிழமை, எந்தத் தீவிலிருந்து நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு பந்தயத் தளம் அந்த இறுதியாட்டத்துக்கு விலை போட்டது. எதிரணி ஜெயிக்கும் என்றுதான் தளம் நினைத்தது. டேரியாவின் அணிக்கு ஒன்றுக்கு நாலு. ஒரெஸ்ட் உட்கார்ந்து யோசித்தார். யோசித்து, எதிரணி மேல் கட்டினார்.

பதறாதீர்கள். இந்த இனத்துக்கு இதற்கும் விளக்கம் உண்டு. ரோடெலுக்கு அதை அவர் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: மகள் ஜெயித்தால் தகப்பனாகச் சந்தோஷம், மகள் தோற்றால் பந்தயக்காரனாகச் சந்தோஷம், எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு போகலாம். மகள் மேலேயே கட்டிவிட்டு அவள் தோற்றால், பெற்ற வயிறும் எரிந்து பையும் காலியாகி, அது எப்படிப்பட்ட முட்டாள்தனம்?

ரோடெல் வாயிலிருந்த கோழியை மெல்ல மறந்துவிட்டான்.

"சொந்த மக ஆடுற ஆட்டத்துல கட்டலாமாண்ணே?"

"கூடாதுன்னு மூலையில பொடி எழுத்துல போட்டிருக்கான். அது உள்விஷயம் தெரிஞ்சவனுக்குடா. நான் அவ ஆட்டத்தப் பத்தி இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வார்த்த கேட்டதில்லயே."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் நேர்மை ஒளிவீசியது.

சனிக்கிழமை வந்தது. சமூகக் கூடம், கீழே ஐஸ் ஹாக்கிக் களம், மேலே மேடை போட்ட மண்டபம். ஈரப் பூட்ஸும் பாப்கார்னும் மணக்க, கனத்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் சுவரளவு திரை. ஒரெஸ்டும் வேலரியும் மூன்றாவது வரிசை. ஹெட்போன் மாட்டிய டேரியா அப்பாவைத் தேடிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஒரெஸ்டும் உயர்த்தினார். பிறகு தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தார். குல்லாய்க்குள் போன் இருந்தது.

சத்தியத்தை அவர் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். போனை அவர் தொடவில்லை. குல்லாயைத்தான் பிடித்திருந்தார்.

கண்ணெதிரே மகள், தலைக்கு மேலே திரை, அப்புறம் குல்லாய்க்குள் என்ன பார்வை? திரையில் ஆட்டம் மட்டும்தான் இருந்தது. ஓரத்தில் பந்தய விலை இல்லை. விலை ஏறி இறங்காத ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. போனில் ஒளிபரப்பும் உண்டு, பக்கத்திலேயே விலையும் உண்டு. பெயர்தான் நேரடி ஒளிபரப்பு. ஆடுகிறவர்கள் எதிரணி ஒளிந்திருக்கும் இடத்தை அதில் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் விடுவார்கள். இது ஒரெஸ்டுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் வகுப்பெடுத்தவரே அவர்தான். தெரிந்துதான் குனிந்திருந்தார்.

மண்டபம் எழுந்து கத்தும், ஒரெஸ்ட் உட்கார்ந்திருப்பார். மண்டபம் அடங்கி அடுத்த சுற்றுக்கு மூச்சைப் பிடிக்கும். ஒரெஸ்ட் தனியாக, "அடடா" என்பார். டேரியா முதல் பாதியில் இரண்டு பேரை ஒரே மூச்சில் சுட்டபோது வேலரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தியா? உம் பொண்ணப் பாத்தியா?"

"சொல்லாத, சொல்லாத. என்னோடதுல இன்னும் நடக்கல."

பக்கத்து நாற்காலிக்காரர், எதிரணிப் பையன் ஒருவனின் தகப்பன், இந்த மனிதர் குல்லாயைக் கையில் ஏந்தித் தலைகுனிந்து மகளுக்காக ஜெபிக்கிறார் என்று நினைத்து உருகிப்போனார். தன் பாப்கார்னைக்கூட நீட்டினார். எதிரணி முன்னேற முன்னேற குல்லாய்க்குள் அதன் விலை இறங்க, இறங்கினால் ஜெயிக்கப்போகிறது என்று அர்த்தம், ஒரெஸ்டின் முகம் மலர்ந்தது. இப்படிப்பட்ட பக்தியை அந்தத் தகப்பன் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு டேரியாவின் அணி விட்டதைப் பிடித்து வந்து, இரண்டும் சமமாகி, கடைசிச் சுற்றில் வந்து நின்றது. எதிரணி குண்டை வைத்துவிட்டது. டேரியாவின் ஆட்கள் நான்கு பேரும் செத்தாயிற்று. அவள் ஒருத்தி, எதிரே மூன்று பேர். மண்டபத்தில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றது. ஒருவன் சுவர் ஓரமாக வந்தான், விழுந்தான். அவன் விழுந்த சத்தத்துக்கு ஓடிவந்தவனும் விழுந்தான். மூன்றாமவன் அவள் குண்டை அணைக்க வருவாள் என்று பெட்டிக்குப் பின்னால் காத்திருந்தான். அவள் அணைப்பதுபோல ஒரு தரம் தொட்டுவிட்டு விலகினாள், அவன் தலையை நீட்டினான், முடிந்தது. வெடிக்க ஒரு நொடி இருக்கையில் குண்டு அணைந்தது.

மண்டபம் இடிந்து விழுவதுபோல் கத்தியது. எதிரணித் தகப்பன்கூட எழுந்து நின்று கைதட்டினார். வேலரி அழுதுகொண்டே மேடைப் பக்கம் ஓடினாள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த டேரியா, தன்னைத் தூக்க வந்த தோழிகளை விலக்கிக்கொண்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவள் இறங்கி வந்தாள். ஓடித்தான் வந்தாள். அவர் முன்னால் வந்து நின்றபோது குல்லாய்க்குள் அவள் இன்னும் ஒருத்தியாக இருந்தாள், எதிரே மூன்று பேர் இருந்தார்கள், எதிரணியின் விலை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஒரெஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு குல்லாயிடம் கெஞ்சினார்.

"ஒருத்திதானடா இருக்கா. முடிங்கடா அவள."

டேரியா குனிந்து, அவர் தலைக்கு மேலாகக் குல்லாய்க்குள் பார்த்தாள். இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். ஒருவன் விழுந்தான், இரண்டாமவன் விழுந்தான், மூன்றாமவன் தலையை நீட்டினான். "போச்சு!" என்று ஒரெஸ்ட் தொடையில் அறைந்துகொண்டு நிமிர்ந்தார். எதிரே மகள் நின்றாள்.

இந்த இனத்துக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். சர்வர் சதி, விசைப்பலகை, வயிறு, எதுவும் வாய்க்கு வரவில்லை. மனிதருக்கு வெட்கம் காது வரைக்கும் ஏறியது. எழுந்தார், குல்லாயைக் கீழே போட்டார், கைதட்டினார். ஊரெல்லாம் தட்டி முடித்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"போதும்ப்பா," என்றாள் டேரியா. பிறகு கேட்டாள். "எப்படி ஆடுனேன்?"

அந்தப் பெண் கோபப்பட்டிருக்கலாம், கேள்விதான் கேட்டாள். தப்பித்துக்கொள்ள அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவனை ஏமாற்றியதைச் சொல்லியிருக்கலாம். நல்லா ஆடினம்மா என்று இரண்டு வார்த்தை போதும். ஒரெஸ்ட் முழு மனதோடு, கண்ணில் நீர் கோக்க, தனக்குத் தெரிந்த ஒரே பாராட்டைச் சொன்னார்.

"உனக்கு ஒண்ணுக்கு நாலு குடுத்திருந்தாங்கம்மா."

டேரியா தலையாட்டினாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள். அடுத்த வாரம் கால்கரிக்குப் போனாள். அங்கே அவள் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் இப்போது எல்லாத் தளங்களும் விலை போடுகின்றன, ஆகவே ஒரெஸ்ட் ஒன்று விடாமல் பார்க்கிறார். ஆட்டம் முடிந்ததும் அவளுக்குப் போன் செய்கிறார். சில நாள்தான் எடுக்கிறாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்குத் துப்பாக்கி ஆட்டமும் தெரியாது, பந்தயமும் ஆகாது. தங்கை கல்யாண மேடையில் நின்றபடி கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தது வேறு விஷயம், பிள்ளை பள்ளிக்கூட விழாவில் ஆடியதை ஆரம்பம் முதல் கடைசிவரை போன் வழியாகவே பார்த்தது வேறு விஷயம். இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதையும் நீங்கள் எதையோ கையில் பிடித்துக்கொண்டு குனிந்துதான் படிக்கிறீர்கள். கொஞ்ச நேரமாக உங்கள் எதிரே யாரோ நிற்கிற மாதிரி இல்லை?