லிமிட்டுக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

அளந்துவிட்ட ஒன்றுக்குப் பயப்பட வேண்டியதில்லையா? ஜானகிராமனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்த கேள்வி இது.

அவர் 'எவ்வளவு' இனத்தைச் சேர்ந்தவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொடாமல் தெர்மாமீட்டரைத் தேடுவார். வெளியே மழை கொட்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் எத்தனை சென்டிமீட்டர் என்று ரேடியோவைக் கேட்பார். மகள் பரீட்சை முடிந்து அழுதுகொண்டே வந்தாலும், மார்க்கைக் கேட்ட பிறகுதான் அழுகைக்கு வருவார். எண் கிடைத்ததும் முகம் தெளியும். நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? அது அப்புறம்.

ஜானகிராமன் மண்ணூர்பேட்டைப் பட்டறையில் இன்ஸ்பெக்டர். இரும்புத் தண்டுகளை அளந்து, லிமிட்டுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். புகையிலை போட்டுப் போட்டு அவருடைய கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பல் டாக்டர் சாமுண்டீஸ்வரி பார்த்தார். இது புற்றுநோய் இல்லை, ஆகக்கூடும். துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எவ்வளவு வரை இருக்கலாம், லிமிட் என்ன என்று கேட்டார் இவர். சதைக்கு லிமிட் கிடையாது என்றார் டாக்டர். இவருக்கு அது பதிலாகவே படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திட்டைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் ஓரம் எவ்வளவு கோணல்மாணலாக ஓடுகிறது என்று கணக்குப் போடும் ஆராய்ச்சியில் டாக்டர் இறங்கியிருந்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு எண் வரும். கோணல் கூடினால் எண்ணும் கூடும். இது ஆராய்ச்சிதான், சதைச் சோதனைக்கு மாற்று இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இனத்தின் காதில் எண் மட்டும்தான் விழும். லிமிட்டை ஜானகிராமனே போட்டுக்கொண்டார். சோதனையைத் தள்ளிப்போட்டார்.

"இன்னா அண்ணாத்தே, வாயி பாஸா ரிஜெக்டா?" என்று டீக்கடையில், பட்டறையில் லேத் ஓட்டும் தேவராஜ் வம்புக்கு இழுப்பார்.

"லிமிட்டுக்குள்ள கீது மாமே."

அடுத்த படத்தில் எண் குறைந்தது. டாக்டர் சதைச் சோதனையை மறுபடி ஞாபகப்படுத்தினார். வெளிச்சம் மாறினாலே எண் மாறும் என்றார். ஜானகிராமனோ பட்டறைக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். சேக்காட்டில் இருந்த அவர் வீட்டில் மனைவி நாகம்மாள் ஜிலேபியைத் தொடவில்லை. தட்டில் தயிர்சோற்றைப் போட்டபடி கேட்டார்:

"காரம் பட்டா எரியுதுன்னு மூணு மாசமா இத்தத்தான் துன்னுகினு கீறே. அந்த எரிச்சலுக்கு இன்னா நம்பரு போட்டாங்க?"

எண் குறைந்ததையே மறுபடி சொன்னார் ஜானகிராமன்.

கடைசியில் செய்த சதைச் சோதனை என்ன காட்டியது? ஆபத்தான மாற்றம் தொடங்கியிருந்தது, திட்டை முழுசாக வெட்டியெடுத்தார்கள், பிழைத்தார். சரி, அந்த எண் எவ்வளவு என்று இந்நேரம் உங்கள் மனம் அரித்துக்கொண்டிருக்குமே? அரித்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் இனம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். எண் குறைந்த மறுநாள், யாரும் அழைக்காமல், பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போய் உட்கார்ந்து, வெட்டி எடுத்துச் சோதிக்கச் சொன்னார் ஜானகிராமன். ஏன் என்று தேவராஜ் கேட்டார், டாக்டர் கேட்டார், நானும் கேட்டேன். அவர் சொல்லவே இல்லை.