இடது எட்டு, வலது ஏழு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை எல்லாம் நீதான் முடிக்கிறாய். அதனால்தான் கடிதம்.

உன் உத்தரவுப்படி நேற்றோடு செருப்புக்கடை வேலையை விட்டாயிற்று. "அப்பா, நீங்க இடது காலை இழுத்து இழுத்து நடக்கறதை என்னால பார்க்க முடியல, ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எதுக்கு பார்ட் டைம்?" என்று அழுதாயே, அதற்காகத்தான். டாக்டரும் "வயசாச்சு சார்" என்று கையை விரித்துவிட்டார். ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து "நாளைக்கு வாங்க" என்று சொன்னவன் நான். எதிரில் நின்றவர் யாரும் சிரித்துக்கொண்டே போனதாக ஞாபகமில்லை. இந்தக் கடையில்தான் அதைப் பார்த்தேன்.

கடைசி நாளாவது நிம்மதியாகப் போகும் என்று பார்த்தால், மூன்று மணிக்கே ஒரு அம்மாள் வந்தார். பதினோரு ஜோடி போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் ஊர்வலம் போய், கடைசியில் தான் போட்டு வந்த பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு "இதுதாங்க சௌகரியமா இருக்கு" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் கலைத்துப் போட்ட பெட்டிகளை நான் அடுக்கி முடிப்பதற்குள் ஒரு பஸ் டிரைவர் வந்து, "சார், எந்தக் கடையில வாங்கினாலும் ரெண்டே நாள்ல வலது கால் கடிக்குது. இருபது வருஷமா வலியோடதான் பிரேக் அழுத்தறேன்" என்றார். எங்கள் கடையில் கண்ணாடி அலமாரியில் இடது கால் ஷூவை மட்டும்தான் வைப்போம். ஒற்றைக் காலை எவனும் திருட மாட்டான் என்கிற கணக்கு. எல்லோரும் அதில் இடது காலை நுழைத்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு, பேக் பண்ணுங்க" என்பார்கள். ரெண்டு காலையும் அளந்து நேரத்தைக் கடத்தக் கூடாது என்பது சூப்பர்வைசர் உத்தரவு. போகிற நாளில் எனக்கு என்ன பயம்? அளவுப் பலகையைப் போட்டு அவருடைய ரெண்டு காலையும் அளந்தேன். இடது ஏழு, வலது எட்டு! உடனே ரெண்டு பெட்டியைப் பிரிச்சு, இதில் ஒண்ணு அதில் ஒண்ணு எடுத்துக் கொடுத்துட்டேன். மனுஷன் நாலு அடி நடந்தார், நின்னார், என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கண்ணு கலங்கிடுச்சு. அவருக்குத்தான்னு சொல்ல வந்தேன், எனக்கும்தான்.

அவர் தலை மறைஞ்சதும் சூப்பர்வைசர் பிடிச்சுக்கிட்டார். "என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க! மிச்சம் இருக்கற இடது எட்டையும் வலது ஏழையும் யார் தலையில கட்டறது?" நான் என்ன சும்மாவா விடுவேன், சாயங்காலம் பூரா வந்தவங்க காலையெல்லாம் முறைச்சுப் பார்த்தேன். ரெண்டு பேர் பயந்து காலைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. ஒருத்தரும் தேறலை. கடை மூடும்போது பிரிவுபசாரம். கலர்க் காகிதம் சுத்தி ஒரு பெட்டியைக் கொடுத்தார். அதே ஜோடி! "ஜோடியை உடைச்சவர் நீங்க, நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள்.

போகட்டும். பெட்டி பரணுக்குப் போகிறது. இனி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், இது சத்தியம். சாயங்காலமெல்லாம் வீட்டிலேயே காலை நீட்டி உட்காரப்போகிறேன். உன் அம்மா இப்போதே கலங்கிப்போயிருக்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்குள் சமாதானமாகி, நீடூழி வாழ்க.

உன் சொல் தட்டாத,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது உன் அம்மா, "பரண்ல ஏத்தறதுக்கு முன்னால ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். போட்டேன். கூடத்தில் நடந்தேன். மாடிப்படி ஏறி இறங்கினேன். வலி இல்லைம்மா! என் இடது கால் எட்டு! கல்யாணத்தன்று யாரோ வாங்கிக் கொடுத்தது ஏழு, அன்றிலிருந்து எந்தக் கடையிலும் போட்டுக்கூடப் பார்க்காமல் "ஏழு" என்றே கேட்டு வாங்கியிருக்கிறேன். ஊரார் காலையெல்லாம் முறைத்துப் பார்த்தவன் என் காலைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் செய்துவிட்டேன். நாளை மூன்று மணிக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். இனி எல்லோருக்கும் ரெண்டு காலையும் அளப்பேன் என்றேன், தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் போனிலேயே கேட்டது, அப்புறம் சரி என்றார்.

இன்னும் ஒண்ணு. சின்ன வயசுல ஸ்கூல் ஷூவை மாட்டினாலே அழுவியே, அடம்னு நினைச்சு உன்னைத் திட்டியிருக்கேன். ஒரு காகிதத்துல உன் ரெண்டு பாதத்தையும் தனித்தனியா வரைஞ்சு அனுப்பும்மா.