வைத்திலிங்கம் வாங்கிய அஞ்சு சீட்டு வண்டி

ஆயுசில் ஒரு தடவையாவது பெண்டாட்டியை ஜெயித்துவிடுவது என்று திருப்பாதிரிப்புலியூர் வைத்திலிங்கம் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. தைரியமான முடிவுகளையெல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். உள்தாழ்ப்பாள் இருக்கிறதல்லவா.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் கயல்விழிக்குக் காது குத்த வேண்டும். திட்டக்குடிப் பக்கம் அவருடைய குலதெய்வக் கோயிலில், பங்காளிகள் கண்ணெதிரே. போன முறை அங்கே வேன் பிடித்துப் போனார்கள். குமராட்சியிலிருந்து வந்து இறங்கிய மாமனார் வீட்டுக் கூட்டம் ஜன்னலோரங்களைப் பிடித்துக்கொண்டது. வாடகை கொடுத்த வைத்திலிங்கம் பொங்கல் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். "இன்னாடா, சமையலுக்கு வந்தியா?" என்று பெரியப்பா மகன் கேட்டது இன்னும் எரிகிறது. இந்த முறை சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் பங்காளிகள் முன்னால் இறங்க வேண்டும். குமராட்சிக் கூட்டம் பஸ்ஸில் வரட்டும்.

கார் வாங்க மலர்க்கொடிக்கும் ஆசைதான். ஆனால் அவள் கேட்டது ஏழெட்டுப் பேர் போகிற வண்டி.

"எங்க அப்பா அம்மா வரணும், தம்பி வரணும். பெருசா பாருங்க மாமா."

"நம்மகிட்ட இருக்கற காசுக்குப் புது வண்டியில ஸ்டெப்னிதான் குடுப்பான். பழசுல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ஸ்டேஷன் வேகன்."

"போலீஸ் ஸ்டேஷன்ல ஏலத்துக்கு வந்ததா?"

"அய்ய! அந்த மாரி வண்டிக்குப் பேரே அதான். முன்னால காரு, பின்னால நீட்டா டிக்கி. தெருவுல நிறுத்துனா பஸ்ஸு மாரி தெரியும்."

தெரிவது பஸ். உட்கார அஞ்சே சீட்டு. சூட்சுமமே அதில்தான் இருந்தது. பெரிய வண்டி என்று ஊர் பேசும், குமராட்சிக் கூட்டம் மொத்தமும் ஏற மட்டும் இடமிருக்காது. இந்த மாதிரி வண்டியை முதன்முதலில் கண்டுபிடித்தவன் மாமனார் வீட்டில் நன்றாக அடிபட்டவனாகத்தான் இருக்க வேண்டும். முகம் தெரியாத அந்த மனிதன்மேல் வைத்திலிங்கத்துக்குப் பாசமே வந்துவிட்டது.

இருவரும் சிதம்பரம் வண்டிகேட்டுக்குப் போய் வண்டி கேட்டார்கள். விற்கிறவர் குலாம் முகம்மது, ஜவுளிக்கடைக்காரர். துணி மூட்டை ஏற்றுவதற்கென்று வைத்திருந்த வண்டி. வாங்கிய வருஷமே அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் இந்நேரம் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும். ஒரு கதவு வெள்ளை. மற்ற கதவுகள் ஒரு காலத்தில் வெள்ளை.

"ஏ.சி. வேலை செய்யுதா பாய்?"

"கண்ணாடிய எறக்கி விடுங்க சார். ஜிலுஜிலுன்னு வரும்."

"பிரேக்கு?"

"நல்லாப் புடிக்கும். என்னா, கொஞ்சம் முன்னாடியே நெனச்சிக்கணும்."

மலர்க்கொடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வாசலில் நின்ற பாயின் மனைவி ஜொஹரா பீவியிடம் கேட்டாள்.

"இதுல எத்தினி பேரு போவலாம்க்கா?"

"அதுக்கு ஏதும்மா கணக்கு? பெருநாளைக்கு நாங்க ஒம்போது பேரு போவோம். புள்ளைங்கள டிக்கியில போட்டுக்குவோம்."

வைத்திலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்ட திட்டமெல்லாம் டிக்கி வழியாகவே ஒழுகிவிடும் போலிருந்தது.

"அஞ்சு பேரு!" என்று கத்தினார். "ஆர்.சி.யில அஞ்சுன்னா அஞ்சுதான். டிக்கியில மனுசன் ஏறக் கூடாது. சட்டம்!"

"மடியில குந்துற புள்ளகூடவா மாமா கணக்கு?" மலர்க்கொடி அப்பாவியாகக் கேட்டாள்.

"புள்ளையும் ஒரு தலதான். அந்த ஆண்டவனே வந்தாலும் ஆறாவது ஆள ஏத்த மாட்டேன்."

"இன்னொரு தபா சொல்லுங்க. பாய் காதுலயும் விழட்டும்."

சொன்னார். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சரி மாமா. இதையே வாங்கிடலாம்" என்றாள் மலர்க்கொடி.

கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அவள் இப்படிச் சண்டை போடாமல் தலையாட்டியதில்லை. அனுபவப்பட்ட புருஷனாக இருந்தால் அங்கேயே பேரத்தை முறித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பான். வைத்திலிங்கம் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது குத்துகிற நாள் வந்தது. விடிந்ததும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, கூலிங் கிளாஸ் சகிதம் அவர் வாசலுக்கு வந்தார். ஸ்டியரிங்கில் மைத்துனன் ஸ்ரீதர் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாமனார். பின் சீட்டில் மாமியார், மலர்க்கொடி, இருவருக்கும் நடுவில் தனி ஆளாகக் கயல்விழி.

"இன்னாடி இது?"

"அஞ்சு பேரு மாமா. நல்லா எண்ணிக்குங்க."

"அப்ப நானு?"

"தாய்மாமன் மடியில வெச்சிதான் காது குத்தணும். அதுக்குத் தம்பி. தாத்தா பாட்டி ஆசீர்வாதம் பண்ணணும். அதுக்கு அப்பா அம்மா. புள்ள அழுதா தூக்க நான். காது புள்ளையோடது. இதுல யார எறக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

வைத்திலிங்கம் சீட்டு சீட்டாகப் பார்த்தார். எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. அப்பனுக்கு என்ன வேலை என்று யோசித்தார். செலவு செய்வது. அதைத்தான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாரே.

"புள்ளைய மடியில வெச்சிக்கடி. நண்டு மாரி இருக்குது, அதெல்லாம் ஒரு ஆளா?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்குதே மாப்ள. வழியில போலீஸ்காரன் நிறுத்தினா உங்க மரியாத இன்னா ஆவும்?"

"டிக்கியிலயாச்சும் குந்திக்கிறேனே…"

"அங்கதான் மனுசன் ஏறக் கூடாதே மாமா. அதான் கெடாவ ஏத்திட்டோம்."

எட்டிப் பார்த்தார். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா, கழுத்தில் மாலையோடு, காலை நீட்டி சௌகரியமாகப் படுத்திருந்தது. அவர் வாங்கிய வண்டியில் அவ்வளவு தாராளமாக இடம் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

"விருத்தாசலத்துல எறங்கி திட்டக்குடி பஸ்ஸு மாறுங்க" என்றாள் மலர்க்கொடி. "நல்ல நேரத்துக்குள்ள வரப் பாருங்க. லேட்டானாலும் பரவால்ல, நாங்க குத்திடறோம்."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெரியப்பா மகன் என்ன கேட்பான் என்பது வைத்திலிங்கத்துக்கு இப்போதே காதில் விழுந்தது.

ஸ்ரீதர் சாவியைத் திருகினான். வண்டி இருமியது, செருமியது, அடங்கிவிட்டது. மறுபடி திருகினான். அசையவில்லை. தெய்வம் கண்ணைத் திறந்துவிட்டது என்று வைத்திலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் ஸ்ரீதர் தலையை வெளியே நீட்டினான்.

"மச்சான், சும்மாதானே நிக்கறீங்க? கொஞ்சம் தள்ளி விடுங்க."

பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். மாமனாரைத் தள்ளினார், மாமியாரைத் தள்ளினார், மைத்துனனையும் சேர்த்துத் தள்ளினார். தெருக்கோடியில் வண்டி உறுமிக் கிளம்பி, வெள்ளைச் சட்டை நிறையக் கரும்புகையை அப்பிவிட்டுப் பறந்தது.

உள்ளே இருந்த அத்தனை பேரில் அவரைத் திரும்பி, அதுவும் பரிதாபமாகப் பார்த்தது, வெட்டுப்படப் போகிற அந்தக் கிடா ஒன்றுதான்.