கண்டதில்லை என்று உறுதியளிக்கும் படிவம்

ஆயிரம் வருஷப் பழமையான அந்தக் காட்டுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை, மூன்றே வாரங்களுக்கு ஒரு நீலவால் பறவை வந்து தங்கும். அதைப் பார்க்காதவர்கள் மனிதர்களில் சேர்த்தி இல்லை என்று இப்போது ஒரு நாகரிகம் கிளம்பியிருக்கிறது. என் தங்கை போன வாரம் போய்வந்து, பதினான்கு உயிரினங்களைக் கண்டதாக ஒரு சான்றிதழைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இலைநிறத் தொப்பியும் கழுத்தில் தொலைநோக்கியுமாக என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் அனுமதிச் சீட்டு அலுவலகம். குமாஸ்தா எங்கள் விண்ணப்பத்தில் முத்திரை குத்தக் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து நீலவால் பறவை வந்து பக்கத்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது.

"ஏங்க, அதுதாங்க" என்றாள் மனைவி.

குமாஸ்தா கையை இறக்கினார். "பார்த்துட்டீங்களாம்மா?"

"பார்த்தேனே."

"அப்ப சீட்டு கிடையாது. வருகையின் நோக்கம் பறவை பார்த்தல்னு எழுதியிருக்கீங்க. நோக்கம் நிறைவேறிடுச்சு."

"சரி, சான்றிதழாவது குடுங்க."

"அது காட்டுக்குள்ள போய்ட்டு வந்தவங்களுக்குத்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் அங்கதான் சார் இருக்கு, நீங்களே பாருங்க" என்றேன் நான்.

"காட்டு எல்லைக்கு வெளிய பறவை நிக்குறதை நான் பார்த்தா அறிக்கை எழுதணும். எழுதினா என்னை மாத்திடுவாங்க." நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு மனமிரங்கி, ஒரு படிவத்தைத் தோளுக்கு மேலாக நீட்டினார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான் மேற்படி பறவையை இன்றுவரை எவ்விடத்திலும் கண்டதில்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேரும், பறவையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். சீட்டு கிடைத்தது.

காட்டுக்குள் நான்கு மணி நேரம் நடந்தோம். ஒரு காக்கை கூட இல்லை. தொலைநோக்கியில் முன்னால் போனவர்களின் தொப்பிகள் தெரிந்தன. அவர்கள் திரும்பி எங்கள் தொப்பிகளைப் பார்த்தார்கள்.

வெளிவாசலில் ஓர் அம்மாள் சான்றிதழ்களை அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் முன்பே அச்சடித்தவை. நீலவால் பறவை முதல் புள்ளிமான் வரை பதினான்கு பெயர்களுக்கும் நேரே 'கண்டேன்' என்றிருந்தது. என் மனைவி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். அவள் முகம் மாறியது. பொய்யை வாங்கிக்கொண்டு போகிறவள் இவள் இல்லை என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"என்னம்மா இது, அநியாயமா இருக்கு" என்றாள். "ஆந்தையை விட்டுட்டீங்களே. அதையும் எழுதுங்க, பதினஞ்சாகட்டும்."